வழுக்கையாற்றில் கறண்ட் பிடிக்கிறவர்

மதகுக் கட்டில் குந்தியிருந்து நமசிவாயம் வலை மிதப்பு ஒன்றைத் தண்ணீரில் போடுகிறார். போட்ட கையோடு எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கரை நெடுகிலும் அதற்குப் பக்கத்தில் நடக்கிறார். மிதப்பு அவரை முந்தினால் முகத்தில் ஒரு வெளிச்சம். பிந்தினால் தண்ணீருக்குத்தான் ஏச்சு. "உனக்கென்ன கால் முறிஞ்சு போச்சே? நடவன் பாப்பம்!" இன்று பிந்திவிட்டது. கரைப் புல்லுக்குள் மாட்டிக்கொண்ட மிதப்பைத் தடியால் தட்டி எடுத்து, திரும்பவும் மதகுக்குக் கொண்டுவந்து போடுகிறார். மாரி தொடங்கிய நாளிலிருந்து விடிந்தால் இதுதான் வேலை. வயலுக்குப் போகிறவர்கள் முன்பெல்லாம் சைக்கிளை நிறுத்திப் பகிடி விட்டுச் சிரித்தார்கள். இப்போது அவர்களுக்குப் பகிடியும் அலுத்துவிட்டது. மணியை அடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

வழுக்கையாறு என்று பெயர் பெரிதாகத்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கென்று உள்ள ஒரே ஆறு என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய ஞாபகம் பலருக்கு இருக்கும். கோடையில் போய்ப் பார்த்தால் மாடு மேய்கிற பள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால்தான் அதற்கு உயிர் வரும். தெல்லிப்பழைப் பக்கத்து வெள்ளமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, சண்டிலிப்பாய் வயல்களைச் சுற்றிக்கொண்டு, அராலியில் கடலேரிக்குள் போய் விழும். தை பிறந்து கொஞ்ச நாளில் எல்லாம் அடங்கிவிடும். தரையோ தட்டைத் தரை. ஓடுகிறதா நிற்கிறதா என்று தண்ணீருக்கே சந்தேகம் வரும். இந்த ஆற்றிலிருந்துதான் மின்சாரம் எடுக்கப் போவதாக நமசிவாயம் சொல்கிறார். மலைநாட்டில் ஓர் அருவிக்குப் பக்கத்தில் நின்று சொன்னால் நாமும் தலையாட்டலாம்.

ஆள் மயிலிட்டிக்காரர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இளந்தாரியாக இருந்தபோது மயிலிட்டித் துறையில் படகு இயந்திரம் திருத்துவதில் அவருக்கு நல்ல பெயர். கடலுக்குள் நின்றுபோன இயந்திரத்தைக் காதை வைத்துக் கேட்டே அதற்கு என்ன வருத்தம், எங்கே கோளாறு என்று சொல்லுவாராம். இதை அவரே சொல்லுவதால் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். யுத்தம் துரத்தியதில் பள்ளிக்கூடம், கோயில் மடம், முகாம் என்று அலைந்து, கடைசியில் இந்த ஆற்றங்கரையில் ஒரு துண்டுக் காணியில் வந்து நின்றார். இங்கே வந்து பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொடுத்துப் பிரான்சுக்கும் அனுப்பியாயிற்று. ஊரவர்களுக்கு அவர் இன்னமும் 'மயிலிட்டியார்'தான். இராணுவம் ஊரைத் திரும்ப விட்டபோது ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கிணறு இருந்ததாம், வீடு இல்லையாம். அதற்குமேல் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

கடற்காரரின் திமிர் மட்டும் குறையவில்லை. "உது ஆறே? உதுக்குள்ளை ஒரு வள்ளத்தைத் திருப்ப ஏலுமே?" என்று வந்த புதிதில் கேட்டு, அயலில் பலருடைய மனத்தை நோகப்பண்ணியிருக்கிறார். காற்றுக்கு வாடை, கொண்டல், சோழகம் என்று பெயர் சொல்லித்தான் அழைப்பார். வீட்டு முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து, "இண்டைக்குத் தொழிலுக்குப் போகேலாது" என்பார். எந்தத் தொழிலுக்கு என்று யாரும் கேட்பதில்லை.

பகலிலும் அவர் வீட்டு முற்றத்தில் ஒரு பல்ப் எரிகிறது. வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். மதகிலிருந்து பார்த்தால் அந்த பல்ப் தெரியும். அது அணைந்தால் கறண்ட் போய்விட்டது என்று அர்த்தம். கறண்ட் போனால் அவருடைய மனைவி பாலேஸ்வரிக்கு மூச்சு இல்லை.

பாலேஸ்வரியின் சுவாசப்பை சுருங்கிக்கொண்டு வருகிறது. எதனால் என்று பெரியாஸ்பத்திரி டொக்டர் விளக்கினார், இருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான், இனி அது விரியாது. மகள் பிரான்சிலிருந்து ஒரு மெசினுக்கு ஒழுங்கு செய்தாள். அறைக் காற்றை இழுத்து, ஒட்சிசனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கிற மெசின். இரவு பகல் ஓடவேண்டும். அதன் இரைச்சல் இருக்கும்வரைக்கும் நமசிவாயம் நன்றாக நித்திரை கொள்வார். இரைச்சல் நின்றால் கனவுக்குள் இருந்தாலும் எழும்பிவிடுவார். கோயிலில் மணி அடிக்கத் தொடங்கினால் வெளியே வந்து நிற்கிறார். வீட்டுப் பக்கம் காது வைக்க வேண்டுமாம். கோயிலிலிருந்து வீடு கேட்கிற தூரமில்லை என்பது அவருக்கும் தெரியும்.

சும்மா வந்த பயமில்லை இது. போன கார்த்திகைப் புயலில் கம்பங்கள் சரிந்து, ஊரே நாட்கணக்காக இருட்டில் கிடந்தது. நமசிவாயத்திடம் ஜெனரேற்றர் ஒன்று இருந்தது. பெற்றோல் முடிந்தது. வாங்கப் போனால் றோட்டுக்கு மேலால் இடுப்பளவு தண்ணீர். அதைத் தாண்டிப் போனாலும் பெற்றோல் செற்றில் பம்ப் அடிக்கக் கறண்ட் இல்லை. கையிருப்பிலிருந்த ஒட்சிசன் சிலிண்டரும் தீர்ந்தது. வயற்காரர் கனகலிங்கம் தன்னுடைய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டிக்குள் பாயை விரித்து, வெள்ளத்துக்குள்ளால் பாலேஸ்வரியை ஏற்றிக்கொண்டு போனார். நமசிவாயம் பின்னால் இருந்து அவளுடைய தலையை மடியில் வைத்திருந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் சொல்லுவது கொஞ்சம்தான். "கடல்லை தாண்டு செத்த ஆக்களைத் தூக்கியிருக்கிறன் தம்பி. அந்த நீல நிறம் எனக்குத் தெரியும். என்ரை மனுசியின்ரை சொண்டிலை அந்த நிறத்தைப் பாத்தன்." பாலேஸ்வரி பிழைத்து வந்தாள். அடுத்த புயலுக்கும் கனகலிங்கத்தின் லாண்ட்மாஸ்டர் போய்ச் சேரும் என்று யார் எழுதிக் கொடுப்பது?

சோலர் போடலாமே என்று அயலில் உள்ள நாங்களும் கேட்டோம். கேட்டதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

"மழை இருட்டிலை சோலர் என்னத்தைக் கிழிக்கும்? ஜெனரேற்றருக்குப் பெற்றோல் வேணும், பெற்றோலுக்கு றோட்டு வேணும். கறண்ட் சாகிற நாளிலைதான் உந்த ஆறு உயிரோடை இருக்கு. மற்ற நாளிலை எனக்கு உது தேவையில்லை. அந்த நாலு நாள் ஓடினாக் காணும்."

யோசித்துப் பாருங்கள், இதில் எங்கே பிழை பிடிப்பீர்கள்? எந்த மழை கம்பத்தைச் சாய்க்கிறதோ அதே மழைதான் ஆற்றையும் நிரப்புகிறது.

பாலேஸ்வரி ஆஸ்பத்திரியால் வந்த கையோடு நமசிவாயம் வேலையைத் தொடங்கினார். பழைய படகு இயந்திரத்தின் விசிறி, உடைந்த லொறியிலிருந்து கழற்றிய டைனமோ, இரண்டையும் பிடித்து நிறுத்த ஒரு இரும்புச் சட்டம். மார்கழியில் மதகுக்குக் கீழே கழுத்தளவு தண்ணீரில் நின்று பொருத்தினார். தண்ணீர் விசிறியைச் சுற்றியது, விசிறி டைனமோவைச் சுற்றியது, மதகுக் கட்டில் கட்டியிருந்த பல்ப் மஞ்சளாக எரிந்தது. நனைந்த சாரத்தோடு வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூப்பிட்டார். பகிடி விட்டவர்களும் வந்து பார்த்தார்கள். கனகலிங்கம் பல்ப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மயிலிட்டியண்ணை, நீங்கள் ஆள் வேறைதான்" என்றார். எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தார் நமசிவாயம். அன்று எரிந்த அந்த பல்ப்தான் அவரைக் கெடுத்தது.

பல்ப் வேறு, மெசின் வேறு. மெசினுக்கு அதைப்போலப் பல மடங்கு இழுவை வேண்டும். தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்தி விட்டால் வேகம் கூடும் என்று இந்த மாரியின் முதல் வெள்ளத்துக்கு மதகின் வாயில் பலகைகளை இறக்கினார். தண்ணீர் உயரத்தான் செய்தது. ஆனால் தட்டைத் தரையில் உயர்கிற தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது, பரந்துகொண்டே போகும். பின்னேரம் கனகலிங்கம் மண்வெட்டியோடு மதகடிக்கு வந்தார்.

"அண்ணை, பலகையைக் கழட்டுங்கோ."

"நாளைக்கு விடியும்வரைக்கும் பொறன் கனகலிங்கம். ஒருக்காச் சுத்தவிட்டுப் பாப்பம்."

"என்ரை வயல் போனாப் போகட்டும், நான் கதைக்கமாட்டன். அங்காலை குடியிருப்பிலை அடுப்படிக்குள்ளை தண்ணி நிக்குது. அதுகளும் எங்கையோ இருந்து துரத்துப்பட்டு வந்ததுகள்தானே, உங்களைப் போலை."

மண்வெட்டி கொண்டு வந்தவர் அதை ஓங்கவில்லை, கீழே ஊன்றிக்கொண்டு நின்றார். நமசிவாயம் தண்ணீருக்குள் இறங்கி, இறக்கிய பலகைகளைத் தானே ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தார். கடைசிப் பலகை வந்தபோது தண்ணீர் ஒருமுறை சீறிப் பாய்ந்து, பிறகு வழமைபோல நடக்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகுதான் கஜந்தினி வந்தாள். உடுவில் ஊர்ப் பெட்டை. மலைநாட்டுச் சிற்றாறுகளைப் பார்த்து, இதில் மின்சாரம் எடுக்கலாம், இதில் எடுக்க முடியாது என்று சொல்வது அவளுக்கு உத்தியோகம். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்ட நமசிவாயம் உடுவிலுக்கே போய்ப் படலையில் நின்றுவிட்டார். அவளுடைய தாய் வெளியே வந்து இருக்கச் சொன்னதற்கும் இருக்கவில்லை. பாவம் பார்த்தோ தொல்லை தாங்காமலோ, யாரிடமோ மட்டம் பார்க்கிற கருவியை இரவல் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அளவுக் கம்பை நமசிவாயம் பிடித்தார். மதகுக்கு மேற்புறம் ஒருமுறை, கீழ்ப்புறம் ஒருமுறை, இன்னும் கொஞ்சம் கீழே ஒருமுறை. சேற்றுக்குள் செருப்பு புதைந்ததையும் பாராமல் நடந்து பார்த்தாள். வேலையில் குறை வைக்கவில்லை. எல்லாம் பார்த்து முடித்துவிட்டு மதகுக் கட்டில் வந்து இருந்தாள். நல்ல செய்தி என்றால் நின்றுகொண்டே சொல்லியிருப்பாள்.

"ஐயா, மேலையும் கீழையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். தண்ணி ஓடினா மட்டும் காணாது. விழவேணும்."

"கடல்லை எங்கை பிள்ளை விழுது? நீரோட்டம் வள்ளத்தையே இழுத்துக்கொண்டு போகுமே."

"கடல் பெரிசு ஐயா. இந்த ஓட்டத்துக்கு பல்ப் எரியும். அம்மாவின்ரை மெசின் ஓடாது."

"மார்கழியிலை நல்லா இழுத்தது. என்ரை கண்ணாலை பாத்தனான்."

கஜந்தினி கேட்டாள். "அராலிக் கதவு திறந்த கிழமையே ஐயா அது?"

அராலியில், உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் ஆற்றின் வாயை மறித்துக் கதவுகள் இருக்கின்றன. வயல் வெள்ளத்தை வடியவிட அவற்றைத் திறந்தால் இங்கேவரை தண்ணீர் இழுபடும். போன மார்கழியில் அவர் விசிறியைப் பொருத்தியது அந்தக் கிழமையில்தான். ஆற்றின் ஓட்டம் என்று அவர் நினைத்தது, திறந்துவிட்ட கதவின் இழுவை.

"புயல் நாளிலை என்ன நடக்கும் எண்டு பாருங்கோ ஐயா. காத்துக்குக் கடலேரி ஏறி நிக்கும். கதவைத் திறந்தாலும் வடியாது. இஞ்சை வெள்ளம் நிறைய இருக்கும். ஓட்டம் இருக்காது."

காற்றடித்தால் கடல் கரையேறும் என்பதை மயிலிட்டியில் பிறந்த ஒருவருக்குப் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் நடக்கப் பழகிய நாளிலிருந்து பார்த்தது அது. வாடையில் அலை வந்து வீட்டு வாசலை நனைத்ததையே ஒரு பெருமையாகச் சொல்லுகிறவர். அதே காற்று இந்தப் பக்கத்து ஆற்றையும் வாயில் வைத்து அடைக்கும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஆற்றைக் கேவலமாகப் பார்த்துப் பழகியவர், அதுவும் கடலுக்குக் கட்டுப்பட்டது என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. பிடித்திருந்த அளவுக் கம்பை மெல்ல நிலத்தில் வைத்தார்.

"புயல் வருகுதெண்டு சொன்ன உடனை அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வைச்சிருங்கோ ஐயா" என்றாள் கஜந்தினி.

"ஒவ்வொரு மாரியும் எத்தினைதரம் சொல்லுவினம் பிள்ளை, வருகுது வருகுதெண்டு. ஒவ்வொருதரமும் ஆர் கட்டில் தருவினம்?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. அவள் எழும்பிக் கருவியைக் கழற்றத் தொடங்கினாள்.

தேத்தண்ணி குடிக்க அவள் வீட்டுக்குள் போனாள். அவர் வெளியே நின்று கருவியின் கால்களில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். கட்டிலில் சாய்ந்திருந்த பாலேஸ்வரி அவளைக் கிட்டக் கூப்பிட்டாள். நீளமாகக் கதைக்க அவளுக்கு மூச்சுப் போதாது.

"பிள்ளை, சரிவருமே?"

மூக்கில் குழாயோடு ஒருத்தி முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது பொய் சொல்லக் கஜந்தினி பழகியிருக்கவில்லை. இல்லை என்று தலையாட்டினாள்.

"அவருக்குச் சொல்லிப்போட்டியளே?"

"ஓம் அம்மா."

"நல்லது. எனக்குச் சொன்னதெண்டு... அவருக்குச் சொல்லாதேங்கோ."

அன்று பின்னேரம் நமசிவாயம் மனைவிக்குப் பக்கத்தில் வந்திருந்து சொன்னார். "சரிவருமாம். சின்னச் சின்னத் திருத்தம் கொஞ்சம் கிடக்காம். பெட்டை கெட்டிக்காரி." பாலேஸ்வரி, "அப்பிடியே? நல்லதாப் போச்சு" என்றாள். கடலில் ஒருவரையும் ஏமாற்றாமல் தொழில் செய்த மனிதர் மனைவியிடம் முதன்முறையாகப் பொய் சொன்னார், அதையும் கேட்டுக்கொண்டு ஒருத்தி சிரித்தாள்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டும். பாலேஸ்வரி படுத்திருக்கிற அறையின் யன்னல் ஆற்றுப் பக்கம். அதனால்தான் மதகில் இன்னமும் மிதப்பு விடுகிறார், தண்ணீரை ஏசுகிறார், விசிறியைக் கழற்றிப் பூட்டுகிறார். எல்லாம் நடிப்பு என்றும் சொல்ல முடியாது. மிதப்பு முந்துகிற நாட்களில் அந்த முகத்தில் வருகிற வெளிச்சத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். கஜந்தினி படித்தது சரியாக இருக்கட்டும், இந்த ஒரு ஆறு மட்டும் கொஞ்சம் பிழையாக ஓடட்டும் என்று அவர் கேட்கிறார் போலிருக்கிறது.

நேற்று வானொலியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், புயலாகலாம் என்று சொன்னார்கள். இன்று காலை வானம் கறுத்து, கொண்டல் ஊதத் தொடங்கியது. புல்லுக்குள் மாட்டிய மிதப்பை இரண்டாவது தடவையும் எடுத்த பிறகு, நமசிவாயம் வழமையான நேரத்துக்கு முந்தி, வெள்ளெனவே வீட்டுக்குத் திரும்பினார். படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். மெசினின் இரைச்சல் இல்லை.

உள்ளே ஓடினார். மேலே காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது. கறண்ட் இருக்கிறது. பாலேஸ்வரி கட்டில் விளிம்பில் நிமிர்ந்து இருந்தாள். மூக்குக் குழாயைக் கழற்றி மடியில் சுருட்டி வைத்திருந்தாள். இரண்டு கைகளும் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. நமசிவாயம் பாய்ந்து போய் மெசினின் சுவிச்சில் விரலை வைத்தார். அவள் கையைத் தூக்கி மறித்தாள்.

"பொறுங்கோ..." ஒரு மூச்சு எடுத்தாள். "பழகிறன்."

"என்னடி, என்னத்தைப் பழகிறாய்?"

"நீங்கள் மதகடிக்குப் போற நேரத்திலை... மெசின் இல்லாமல்... ஒவ்வொரு நாளும்." இன்னொரு மூச்சு, அது வருவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "நேத்தையிலும் பாக்க... இண்டைக்குக் கூட நேரம்."

அவர் விளங்கிக்கொண்டார். தான் சொன்ன பொய் அவள் காதுக்குள் ஒரு நாளும் ஏறவில்லை என்பதையும், இத்தனை நாளும் யன்னலால் அவள் பார்த்தது ஆற்றை அல்ல, அவர் திரும்பி வருகிறாரா என்பதைத்தான் என்பதையும் விளங்கிக்கொண்டார். வெளியே முதல் மழை ஓட்டில் விழுந்தது. சுவிச்சில் வைத்த விரலை அவர் எடுக்கவில்லை. அழுத்தவும் இல்லை. பக்கத்தில் குந்தி, மற்றக் கையால் அவளுடைய முதுகை மேலிருந்து கீழாக மெல்லத் தடவிக் கொடுக்கத் தொடங்கினார்.